அளந்து, லிட்டராக்கி, எச்சரி: ஃபோர்த் மொழியில் ஒரு டேங்க் மணி

நேற்று இரவு பத்தே முக்காலுக்குச் சமையலறையில் பஸ்ஸர் அடித்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், டேங்க் மூடியைத் தூக்கி டேப்பை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் 100 செமீ இருக்க வேண்டும், 99 இருந்தது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக, நான் செய்த டேங்க் மணி சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்திருக்கிறது. மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

டேங்க் நிரம்பப் போகிறது என்று அடிக்கும் மணி வேண்டுமென்றால் கடையில் ஃப்ளோட் ஸ்விட்ச் வைத்தது ரெடியாகவே கிடைக்கும். எனக்கு அது முக்கியமில்லை. பதினொரு வருடமாகப் பைத்தான் என்ற நிரல்மொழியில்தான் சோறு. புது மொழி எது எடுத்தாலும் இரண்டாவது நாளே அதைப் பைத்தான் மாதிரி எழுத ஆரம்பித்துவிடுகிறேன் என்று தோன்றியது, அப்படி எழுதவே முடியாத ஒரு மொழி வேண்டும் என்று தேடி ஃபோர்த்தில் வந்து நின்றேன். சார்லஸ் மூர் என்பவர் தன் சொந்த வேலைக்காக உருவாக்கிய மொழி, 1970களின் தொடக்கத்தில் அரிசோனாவில் கிட் பீக் ரேடியோ தொலைநோக்கியை ஓட்டியது. அடைப்புக்குறிக்குள் மதிப்பு தருவது, முன்னுரிமை விதிகள் எதுவும் கிடையாது. எண்ணை எழுதினால் அது அடுக்கில், அதாவது எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் இடத்தில், போய் உட்காரும், சொல்லை, அதாவது ஒரு கட்டளையை, எழுதினால் அது அடுக்கின் மேலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு விடையை அங்கேயே வைக்கும். 5 3 + என்று அடித்தால் 8. மொழி கிட்டத்தட்ட இவ்வளவுதான், பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

பழைய லேப்டாப்பில் ஜிஃபோர்த் (கணினியில் ஓடும் ஒரு ஃபோர்த்) போட்டு ஆரம்பித்தேன். முதல் வாரம் முழுக்க வீண். அடுக்கு என்று ஒன்று இருப்பதையே மறந்து, எல்லாவற்றுக்கும் வேரியபிள், அதாவது மதிப்பைப் போட்டு வைக்க ஒரு பெயரிட்ட இடம், வைத்தேன்:

: கணக்கிடு உயரம் தூரம் @ - மட்டம் ! ;

: என்றால் புதுச் சொல் தொடங்குகிறது, அடுத்து வருவது அதன் பெயர், ; என்றால் முடிந்தது. @ என்றால் எடு, ! என்றால் வை. இப்படி 14 வேரியபிள். ஓடியது, தப்பில்லை. ஆனால் இது ஃபோர்த் வேஷம் போட்ட பைத்தான், அதுவும் பைத்தானைவிட அசிங்கமாக.

(துணுக்குகள் தமிழில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஃபோர்த்தில் இடைவெளிக்கு நடுவே எது வந்தாலும் அது ஒரு சொல், ஜிஃபோர்த் தமிழ் எழுத்தையும் தடையில்லாமல் ஏற்கிறது. அதனால் பெயரெல்லாம் தமிழில். இந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.)

இரண்டாவது வாரம் ரோஷம் வந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். ஒரு வேரியபிளும் கூடாது, எல்லாமே அடுக்கில். விளைவு, ஸ்வாப் ஓவர் ராட் டூப் ராட் டிராப் என்று, அடுக்கில் எண்களைப் புரட்டும் சொற்களாக ஒரே வரியில் 23 சொல். எழுதி முடித்த அன்று புரிந்தது, மறுநாள் காலையில் எனக்கே புரியவில்லை.

அப்போது உதவியது கல்யாணப் பத்திரிகை. பரணில் கிடந்த பழைய பத்திரிகை அட்டைகளை வெட்டி 20 துண்டு எடுத்து, பென்சிலால் எண் எழுதி, சாப்பாட்டு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நானே இயந்திரமாக ஓடிப் பார்த்தேன். டூப் என்றால் மேல் அட்டையைப் போலவே இன்னொன்று எழுதி வை. ஸ்வாப் என்றால் மேலிரண்டை மாற்று. ராட் என்றால் மூன்றாவதை உருவி மேலே வை. டிராப் என்றால் மேல் அட்டையைத் தூக்கிப் போடு. அந்த 23 சொல் வரியை அட்டையில் ஓட்ட 6 நிமிடம் ஆனது, ஏழு அட்டை கையில் மிஞ்சியது. கையால் நகர்த்தவே இவ்வளவு அலுப்பாக இருந்தால் வரி தப்பு என்று அன்றைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். இப்போதும் ஒரு சொல்லுக்குள் மூன்று அட்டைக்கு மேல் புழங்கினால் அதை இரண்டாக உடைத்துவிடுகிறேன்.

அப்புறம் தமிழ்ப் பெயர். அடிப்படைச் சொற்கள் எல்லாவற்றையும் தமிழாக்கிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். டூப், ஸ்வாப், டிராப் மூன்றும் பழகிவிட்டதால் எழுத்தை மட்டும் தமிழாக்கினேன். சொல்லை ஒரு சொல்லுக்குள் சுற்றி வைத்தால் போதும், வேலை செய்தது. அடுத்து, அடுக்கிலிருந்து ஓர் எண்ணைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் >ஆர் என்ற சொல். இதையும் அதேபோல் சுற்றினேன்:

: ஒதுக்கு >ஆர் ;

கூப்பிட்டதும் ஜிஃபோர்த் தலைகீழாகக் கவிழ்ந்தது. ஒன்றரை மணி நேரம் தேடினேன். காரணம் இதுதான்: ஒரு சொல்லைக் கூப்பிடும்போது, முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி இரண்டாவது அடுக்கு ஒன்றில் இருக்கும். >ஆர் நம் எண்ணைக் கொண்டுபோய் வைப்பதும் அதே அடுக்கில். நான் சுற்றி வைத்ததால், ஒதுக்கு முடிந்து திரும்பும்போது நான் ஒதுக்கிய 110ஐ முகவரி என்று நினைத்து அங்கே போய் விழுந்தது. நிபந்தனை போடும் இஃப் என்பதைச் சுற்றியதிலும் இதே மாதிரி அடி, கம்பைல் ஆகவே இல்லை. அதற்கு வழி, போஸ்ட்போன் என்று முன்னால் போட்டு, முடிவில் இம்மீடியட் என்று சொல்வது:

: எனில் போஸ்ட்போன் இஃப் ; இம்மீடியட்

நிபந்தனையை முடிக்கும் தென் என்ற ஆங்கிலச் சொல்லை 'அப்புறம்' ஆக்கினேன். ஃபோர்த்தில் நிபந்தனை முதலில், இஃப் பிறகு, தென் கடைசியில். ஆங்கிலத்தில் படித்துப் பழகியவர்கள் எல்லோரும் தென் ஏன் கடைசியில் இருக்கிறது என்று முதல் நாள் முழிப்பார்கள், நானும் முழித்தேன். தமிழில் போட்டதும் முழிக்க ஒன்றுமே இல்லை: 'குறைவு எனில் மோட்டாரைப் போடு, அப்புறம்…' என்று நாம் பேசுகிற வரிசையிலேயே இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியிலும் நிபந்தனையை முன்னால் எழுதிவிட்டு 'ஆனால்' என்று பின்னால் போடுவார்கள். அதை முன்பு பார்த்தபோது ஏதோ விநோதம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை என்று நினைக்கிறேன். அட்டையை ஓட்டுவதற்கு முன் என்ன செய்யப் போகிறேன் என்று நோட்டில் ஒரு வரி எழுதுவது வழக்கமாகியிருந்தது. டேங்க் மேலே இருக்கும் சென்சார் தண்ணீர்வரை உள்ள தூரத்தைத் தரும், அதிலிருந்து தண்ணீர் மட்டம். அன்று எழுதியது: 'தூரத்தை அளந்து, மட்டமாக்கி, லிட்டராக்கி, எச்சரி.' அடுத்து இதை ஃபோர்த்தாக மாற்ற வேண்டும் என்று பேனாவை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மாற்ற என்ன இருக்கிறது? காற்புள்ளியை எடுத்தால் அதுவே ஃபோர்த்.

: காவல் அளந்து மட்டமாக்கி லிட்டராக்கி எச்சரி ;

பைத்தானில் இதையே எழுதினால் எச்சரி(லிட்டராக்கு(மட்டமாக்கு(அள()))) என்று உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும். இத்தனை வருடம் அப்படிப் படித்துப் பழகியதில், நம் மொழி வரிசையே இடமிருந்து வலமாக இந்தப் பக்கம் இருந்ததைக் கவனிக்கவே இல்லை.

அளந்து, ஆக்கி எல்லாம் வினையெச்சம். எச்சரி முற்று. பள்ளிக்கூடத்தில் எச்சம் என்றால் முடியாமல் மிச்சம் நிற்கும் வினை என்று தமிழய்யா சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் உறைத்தது. அடுக்கில் எதையாவது மிச்சம் வைக்கிற சொல்லுக்கு எச்சத்தில் பெயர் வை, எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிடுகிற சொல்லுக்கு முற்றில் பெயர் வை, வெறும் மதிப்பை மட்டும் வைக்கிற சொல்லுக்குப் பெயர்ச்சொல் வை. அன்றிரவே எல்லாச் சொல்லையும் இந்த விதிப்படி பெயர் மாற்றினேன். 14 வேரியபிள் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது. 23 சொல் வரி ஆறு சிறு சொற்களாகப் பிரிந்தது, அதில் நீளமானதே பத்துச் சொல்தான்.

விதி கையில் வந்த மூன்றாம் நாளே ஒரு பிழையைப் பிடித்துக் கொடுத்தது. கணினியிலேயே தூரத்தைப் பொய்யாகக் கொடுத்துக் காவலைச் சுழலில் விட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அடுக்கைக் காட்டும் டாட்-எஸ் அடித்தால் <47> என்று வருகிறது. 47 எண் யாரும் எடுக்காமல் கிடக்கிறது. அப்போது இருந்த எச்சரி (900 லிட்டரைத் தாண்டினால் மணி):

: எச்சரி டூப் 900 > எனில் டிராப் மணி அப்புறம் ;

அட்டையில் ஓட்டினால் ஒரு நிமிட வேலை. 900க்கு மேல் என்றால் டிராப் நடந்து அடுக்கு காலி. மேல் இல்லையென்றால் டூப் போட்ட மூல எண் அப்படியே உட்கார்ந்திருக்கும். முற்றென்று பெயர் வைத்துவிட்டு எச்சம் வைத்திருக்கிறது. எப்படி வந்தது என்றால், மதிப்பு பிறகு தேவைப்படுமோ என்று எதற்கும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளும் பைத்தான் புத்தி. தேவையே இல்லை. 900 > எனில் மணி அப்புறம், இவ்வளவு போதும்.

இனி சிப். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணு போர்டில், சிப்புக்கான ஃபோர்த்தான ஃபிளாஷ்ஃபோர்த் ஏற்றினேன். இது போர்டில் இருக்கும் பூட்லோடரை (யூஎஸ்பி வழியாக நிரலை ஏற்றிவிடும் சிறு நிரல்) அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும், யூஎஸ்பி கேபிள் மட்டும் போதாது, தனி புரோகிராமர் வேண்டும். நான் இது தெரியாமல் போர்டை மட்டும் வாங்கிவிட்டு ஒரு வாரம் புரோகிராமருக்காகக் காத்திருந்தேன். வந்தபின், எழுதி வைத்த கோப்பு முழுவதையும் டெர்மினலில் ஒரே பேஸ்ட். பாதிச் சொல் காணவில்லை. ஃபிளாஷில் எழுதும் நேரத்தில் சிப் வேறெதையும் கவனிக்காது, அந்த நேரத்தில் வரும் எழுத்துகள் போயே போய்விடும். டெர்மினலில் எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் ('பொறு', 'அனுப்பு' என்று சிப் சொல்லும் முறை) போட்டதும் சரியானது.

தமிழ்ப் பெயர்களைச் சிப்புக்குக் கொண்டுபோக முடியவில்லை என்பது வருத்தம். அங்கே ஒரு சொல்லின் பெயர் 15 எழுத்து வரைதான். எழுத்து என்று அது கணக்குப் பார்ப்பது பைட்டை. 'தண்ணீர்' என்ற ஒரு சொல்லே 21 பைட். ஆங்கிலச் சுருக்கமாக மாற்றி ஏற்றினேன். ஃபோர்த்தின் பெயரே இப்படி வந்ததுதான்: ஃபோர்த், அதாவது நான்காம் தலைமுறை என்று முழுதாக வைக்க நினைத்தாராம் மூர், அவர் வேலை செய்த ஐபிஎம் 1130இல் பெயருக்கு ஐந்து எழுத்துதான் இடம் என்பதால் ஆங்கிலத்தில் நடுவே ஓரெழுத்தை வெட்டிவிட்டார். அவருக்கு ஓரெழுத்து நஷ்டம், எனக்குச் சொல்லே நஷ்டம்.

சிப்பில் முதல் பிழை. சென்சார் முகத்திலிருந்து டேங்க் அடிவரை 110 செமீ. 110 செமீக்கு 1000 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன், மேலே கழுத்து குறுகுவதால் இருபது முப்பது லிட்டர் முன்னே பின்னே வரும், பரவாயில்லை. தண்ணீர் 80 செமீ இருக்கும்போது லேப்டாப்பில் 727 வருகிறது, சிப்பில் 131. எதிர்மறையாகவோ பைத்தியக்கார எண்ணாகவோ வந்திருந்தால் உடனே சந்தேகம் வந்திருக்கும். 131 என்பது நம்பும்படி இருந்ததால் சென்சாரைக் கழற்றி மாட்டி, ஒயரை மாற்றி, இரண்டு மாலை போனது. கடைசியில் பார்த்தால் 80ஐ 1000ஆல் பெருக்கினால் 80000, சிப்பில் ஒரு கட்டத்துக்குள் 16 பிட்தான், 65536ஐத் தாண்டியது வழிந்து 14464 ஆகிவிட்டது, அதை 110ஆல் வகுத்தால் 131. ஃபோர்த்தில் இதற்கென்றே */ என்றொரு சொல் இருக்கிறது, பெருக்கலையும் வகுத்தலையும் சேர்த்துச் செய்து நடுவில் வரும் எண்ணுக்கு இரட்டிப்பு இடம் கொடுக்கும். தசமமே இல்லாமல் எப்படிக் கணக்குப் போடுவது என்று முதல் வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன், பதில் இந்த இரண்டு குறிதான் (துணுக்கில் அடைப்புக்குறிக்குள் இருப்பது, எது உள்ளே வந்து எது வெளியே போகும் என்ற குறிப்பு மட்டுமே):

: லிட்டராக்கி ( செமீ -- லி ) கொள்ளளவு உயரம் */ ;

இரண்டாவது பிழை நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தது. பஸ்ஸர் விடாமல் அலற, அம்மா எழுந்து வந்து, "ஏன்டா, மோட்டாரே ஓடல, இது எதுக்குடா கத்துது?" என்றார். டெர்மினலில் பார்த்தால் 1000 லிட்டர் டேங்கில் ஐயாயிரத்துச் சொச்சம் லிட்டர் தண்ணீர். சென்சார் ஹெச்சி-எஸ்ஆர்04, அது ஒலியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லும், மைக்ரோ வினாடியை 58ஆல் வகுத்தால் செமீ. எதிரொலி திரும்பவே இல்லையென்றால் சுமார் 38 மில்லி வினாடி காத்திருந்துவிட்டுக் கைவிடும். நான் டைமரில் 4 மைக்ரோ வினாடிக்கு ஒரு டிக் என்று எண்ணுகிறேன், 9500 டிக். நாலால் பெருக்கினால் 38000, மைனஸுக்கும் இடம் விட்ட 16 பிட்டில் உச்சமான 32767ஐத் தாண்டியதால் மைனஸாகத் திரும்பியது. மைனஸ் தூரத்தை 110இலிருந்து கழித்தால் கூடத்தானே செய்யும். அன்றிரவு சென்சார் முகத்தில் நீராவி படிந்து துளி துளியாக நின்றிருந்தது, அதனால் எதிரொலி போயிருக்கிறது. 2000 டிக்குக்கு மேல் என்றால், அதாவது 137 செமீக்கும் மேல், பழைய அளவையே வைத்துக்கொள் என்று ஒரு சொல் நுழைத்தேன்:

: சரிபார்த்து ( டிக் -- டிக் ) டூப் 2000 > எனில் டிராப் பழையது @ அப்புறம் டூப் பழையது ! ;

மிஞ்சிய ஒரே வேரியபிள் அந்தப் பழையது. இதை நுழைக்க மற்றச் சொற்களில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை, காவலில் அளந்து என்பதற்குப் பக்கத்தில் சரிபார்த்து என்று எழுதினேன், அவ்வளவுதான். டிக்கைச் செமீ ஆக்கும் வேலை அதுவரை அளந்துக்குள் இருந்தது, அதைத் தூரமாக்கி என்று பிரித்ததும் இப்போதைய வடிவம் வந்தது:

: காவல் அளந்து சரிபார்த்து தூரமாக்கி மட்டமாக்கி லிட்டராக்கி எச்சரி ;

நீராவிக்காக நீர்புகாத சென்சார் ஒன்று 320 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு முன்னால் 20-25 செமீ வரை கண் தெரியாது என்பதை வாங்கியபின் படித்தேன். எனக்கு முக்கியமான கட்டமே சென்சாருக்கும் தண்ணீருக்கும் 10 செமீ இருக்கும்போதுதான். டிராயரில் கிடக்கிறது. பழைய சென்சாரின் போர்டுக்குப் பின்பக்கம் தங்கையின் நகப்பூச்சை இரண்டு கோட் அடித்து மாட்டியிருக்கிறேன், மழைக்காலம் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

செலவு: போர்டு 480, புரோகிராமர் 260, சென்சார் 85, பஸ்ஸர் 25, மாடியிலிருந்து சமையலறைக்கு 15 மீட்டர் இரட்டை ஒயர் 180, மூடி வைத்த பிளாஸ்டிக் பெட்டி 90. ஆக 1120. வீணான சென்சாரையும் சேர்த்தால் 1440.

மறுபடி செய்தால் முதல் நாளே அட்டையை வெட்டுவேன். லேப்டாப்பில் சோதிக்கும்போதே எண்களை 16 பிட்டுக்குள் மடக்கிப் பார்த்திருப்பேன், இரண்டு மாலை மிச்சம். அடிப்படைச் சொற்களைத் தமிழாக்குவதில் போன ஞாயிறும் அவ்வளவு தேவையில்லை, நம்முடைய சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் இருந்தாலே போதும். எச்சம்-முற்று விதியும் எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. சுழலுக்குள் சுழல் வந்தால் பெயர் வைக்கத் திணறுகிறேன், இரண்டு எண்ணை மிச்சம் வைக்கும் சொல்லுக்கு என்ன எச்சம் என்று தெரியவில்லை.

இன்று காலை அம்மா வேறொரு குறை சொன்னார். டேங்கில் வழியும் குழாய் 104 செமீயில் இருக்கிறது, மணி 100இல் அடிக்கிறது, கையைத் துடைத்துக்கொண்டு மோட்டார் ஸ்விட்சுக்குப் போவதற்குள் வழிந்துவிடுகிறதாம். "850க்கே அடிக்கிற மாதிரி வைடா." ஃபோர்த்தில் இதுதானே சுகம், ஓடிக்கொண்டிருக்கும் சிப்பிலேயே பேசலாம். எச்சரியில் 900 இருந்த இடத்தில் சிப்பில் எல்லை என்று ஒரு சொல் வைத்திருந்தேன். டெர்மினலைத் திறந்து அதை 850 என்று மறுபடி எழுதினால், அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறது என்று ஃபிளாஷ்ஃபோர்த் மறுத்தது. புதுஎல்லை என்று வேறு பெயரில் எழுதினேன். ஓகே என்றது. சாயங்காலம் மோட்டார் போட்டால் மறுபடி 900ஐத் தாண்டித்தான் அடிக்கிறது.

பழைய எச்சரி தன்னை எழுதிய நாளில் இருந்த எல்லையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, பின்னால் வந்த புது எல்லையை அதற்குத் தெரியவே தெரியாது. எச்சரியையும் காவலையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும், அல்லது எல்லையை வேரியபிள் ஆக்க வேண்டும். ஆக்கினால் வேரியபிள் இரண்டாகிவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவிட்டேன். "மாத்திட்டேன்னு சொன்னியேடா" என்கிறார் அம்மா.